இரத்த அழுத்தம் இறங்கும்போது

(மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)



இரத்தக் கொதிப்பு எனப்படும் உயர் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் செய்தித்தாள்களிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் நிறையப் படிக்கிறோம். அதன் தங்கையாகிய குறைந்த இரத்த அழுத்தத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் வீட்டுப் பேச்சில் அடிபடுவது என்னவோ தங்கைதான். காலையில் எழுந்ததும் தலை சுற்றினால் 'லோ பிரஷர்'. தேர்வுக்கு முன்னால் கை நடுங்கினால் 'லோ பிரஷர்'. கல்யாண வீட்டில் அத்தை சோர்ந்து உட்கார்ந்தால் அதுவும் 'லோ பிரஷர்'. கருவி வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். வைத்தியமும் ஆயத்தமாக இருக்கும்: ஒரு டம்ளர் காபி, அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு.

இந்த வழக்கத்தில் கொஞ்சம் உண்மையும் நிறையக் குழப்பமும் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இதயத்தையும் இரத்த ஓட்டத்தையும் படித்த நாள் முதல் இதைத் தெளிவாக அறிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதற் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். 'பிரஷர் குறைவு' வேறு, 'இரத்தக் குறைவு' வேறு. இரத்தச் சோகை என்பது இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவது. நம் வயதுப் பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சோகை இருப்பதாக 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை இதற்காகத்தான். (அதைச் சன்னல் வழியாக எறிபவர்கள் இதைப் படித்தால் நல்லது.) சோகைக்கும் சோர்வு வரும், தலை சுற்றும், மூச்சு வாங்கும். ஆகவே 'லோ பிரஷர்' என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காபி குடிக்கும் பெண்களில் பலருக்கு வேண்டியது காபி அன்று. ஓர் இரத்தப் பரிசோதனை. சாப்பாட்டோடு காபி, தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதும் குறைகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைவது மூன்றாவது சங்கதி. மூன்றுக்கும் அறிகுறி ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

சரி, இரத்த அழுத்தம் என்றால் என்ன? எங்கள் ஊரப்பாக்கத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டு மாடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. கீழ்வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். மாடிக் குளியலறையில் நூல்போல ஒழுகும். குழாயின் சுவரைத் தண்ணீர் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதுதான் வேறுபாடு. நம் உடலில் அந்த விசையைத் தருவது இதயம். அது ஓய்வு நேரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளுகிறது. இதயம் சுருங்கும்போது தமனிச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். விரியும்போது எஞ்சியிருப்பது கீழ் எண். 120/80 என்று நாம் படித்தது இதுவே.

இதை முதலில் அளந்து காட்டியவர் ஒரு மருத்துவர் அல்லர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் அதில் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இதனை 1733இல் நூலாக வெளியிட்டார். குதிரையை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மனிதருக்கு இப்படிச் செய்ய முடியுமா? இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கையில் சுற்றும் காற்றுப் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்து வழி காட்டினார். ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் 1905இல், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கேட்கும் தட்டொலியைக் கொண்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் கண்டறியலாம் என்றார். இன்று பல இடங்களில் பாதரசம் போய் மின்கருவி வந்துவிட்டது. அளவை மட்டும் இன்னும் 'மில்லிமீட்டர் பாதரசம்' என்றே சொல்கிறோம்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே 120 மி.மீ. பாதரசம் என்பது ஏறத்தாழ 163 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்! நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் இதயத்திலிருந்து மூளை ஏறத்தாழ ஓரடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரம் இரத்தத்தை ஏற்றுவதற்கே 25 மி.மீ. அளவு அழுத்தம் செலவாகிவிடும். நம் உடலில் மாடி வீட்டில் குடியிருப்பது மூளைதான். அழுத்தம் குறைந்தால் முதலில் தண்ணீர் வராமல் போவது மாடி வீட்டுக்குத்தானே!

பொதுவாக 90/60க்குக் கீழே இருந்தால் அதைக் குறைந்த இரத்த அழுத்தம் என்பர். ஆனால் இந்த எண்ணைக் கண்டு யாரும் பயந்துவிடக் கூடாது. ஒல்லியான பெண்கள் பலருக்கும், ஓட்டப் பந்தய வீராங்கனைகளுக்கும் இயல்பாகவே 95/60 போன்ற அளவு இருக்கும். கருவுற்ற தாய்மாருக்கு முதல் ஆறு மாதங்களில் கொஞ்சம் இறங்குவதும் இயற்கை. எந்தத் தொல்லையும் இல்லாமல் ஆடிப் பாடித் திரியும் பெண்ணுக்கு 90 இருந்தால் அது நோயன்று. முன்பு ஜெர்மனியில் இதற்கென்றே மருந்து கொடுக்கும் வழக்கம் இருந்ததாம். இதை ஒரு நோயாகவே கருதாத ஆங்கில மருத்துவர்கள் 'ஜெர்மன் நோய்' என்று அதைக் கேலி செய்தார்களாம். மெலிந்த கைக்குப் பெரியவர்களுக்கான அகலப் பட்டையைச் சுற்றினாலும், கையை இதயத்தைவிட உயரத் தூக்கி வைத்துப் பார்த்தாலும் கருவி பொய்யாகக் குறைத்துக் காட்டும். 5 நிமிடம் அமைதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்துப் பார்ப்பதே முறை.

அப்படியானால் எது ஆபத்து? குறைவாக இருப்பதைவிட, வழக்கமான அளவிலிருந்து இறங்குவதே கவனிக்க வேண்டியது. எப்போதும் 95 இருப்பவருக்கு 95 சுகம். எப்போதும் 150 இருக்கும் தாத்தாவுக்குத் திடீரென்று 100 ஆனால், எண் நன்றாகத் தோன்றும். தாத்தாவோ தடுமாறி விழுவார். இறங்குவதற்கு மூன்று வழிகள். தொட்டியில் தண்ணீர் குறையலாம்: வயிற்றுப்போக்கு, வாந்தி, வியர்வை, இரத்தப்போக்கு. குழாய் அகலமாகிவிடலாம்: மயக்கம், கடுமையான ஒவ்வாமை, சில மாத்திரைகள். மோட்டார் பழுதாகலாம்: இதய நோய். மூன்றாவதை மருத்துவர்களுக்கு விட்டுவிட்டு, நமக்கு நாள்தோறும் நேர்வதைப் பார்ப்போம்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை நொடிப்பொழுதில் மூளைக்குச் செய்தி அனுப்ப, இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நாமோ ஒன்றும் அறியாமல் பல் துலக்கப் போகிறோம். இறங்கிய இரத்தத்தை மேலே அனுப்பக் கெண்டைக்கால் தசையும் உதவுகிறது. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிச் சிரைகளைப் பிழிவதால் அதை 'இரண்டாம் இதயம்' என்றே சொல்வார்கள். அசையாமல் நின்றால் இந்த இரண்டாம் இதயம் வேலை செய்யாது.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது ஒருத்தி மயங்கி விழுவது ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். காலை உணவைத் தவிர்த்திருப்பாள். இரவிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டாள். கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரைத் தள்ளிப்போடும் தோழியர் நம்மில் எத்தனை பேர்! வெயிலில் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். கால்களில் இரத்தம் தேங்கத் தேங்க, ஒரு கட்டத்தில் உடல் தலைகீழாக ஆணையிட்டுவிடுகிறது: இதயத் துடிப்பு வேகம் குறைகிறது, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அழுத்தம் சட்டென்று விழுகிறது. ஊசியைக் கண்டோ இரத்தத்தைக் கண்டோ மயங்குவதும் இதே வகைதான். இதில் பலவீனமோ நடிப்போ இல்லை. 'காற்றுப்பட்டது' என்று மந்திரிக்கவும் வேண்டியதில்லை.

மயக்கம் சொல்லாமல் வருவதில்லை. கொட்டாவி வரும். வயிற்றைப் புரட்டும். காதில் இரைச்சல் கேட்கும், கண்முன் இருள் சூழும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். அந்த அரை நிமிடம் மிகவும் பெறுமதியானது. வெட்கப்படாமல் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார முடியாவிட்டால் கால்களைக் குறுக்காகப் பின்னித் தொடையையும் வயிற்றையும் இறுக்கி, கைவிரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அழுத்தம் சற்று ஏறும், உட்காரும்வரை தாக்குப்பிடிக்கலாம். நீண்ட நேரம் நிற்கும்போது யாரும் அறியாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். வரிசை ஒழுங்கும் கெடாது.

சென்ற கோடை விடுமுறையில் தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்கு மின்சார ரயிலில் வந்தோம். பெண்கள் பெட்டியில் மூச்சு விடவும் இடமில்லை. பெருங்களத்தூரைத் தாண்டியதும், நின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரி அக்கா முகம் வெளுத்துச் சரிந்தார். உடனே இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் பாட்டிலைத் திறந்து வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். அதற்குள் வாசலருகே உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா ஒருவர், "புள்ளைய மொதல்ல கீழ படுக்க வைங்கம்மா! தூக்கிப் புடிச்சா எப்படித் தெளியும்?" என்று சத்தம் போட்டு, கூடையை இழுத்துத் தாமே இடம் செய்து கொடுத்தார். அக்காவைப் படுக்க வைத்து, கால்களைக் கூடையின் விளிம்பில் தூக்கி வைத்தார்கள். வண்டலூர் வருவதற்குள் அக்கா கண் விழித்துவிட்டார். அந்த அம்மா எந்தப் பாடநூலில் படித்தார்! அவர் செய்ததுதான் முறையான முதலுதவி.

ஏன் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். படுத்துவிட்டால் மூளையும் இதயமும் ஒரே மட்டம், 25 மி.மீ. ஏற்றம் தேவையே இல்லை. காலைத் தூக்கினால் அங்கே தேங்கிய இரத்தமும் இதயத்துக்குத் திரும்புகிறது. மயங்கியவரைத் தூக்கி நிறுத்துவது அல்லது நாற்காலியில் உட்கார வைத்துத் தலையைத் தாங்கிப் பிடிப்பது, அன்போடு செய்யும் தீங்காகும். மூளைக்கு இரத்தம் வராத நேரத்தை நாமே நீட்டுகிறோம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். சாவிக் கொத்து வலிப்புக்கும் உதவாது, மயக்கத்துக்கும் உதவாது. இறுக்கமான உடையைத் தளர்த்தி, சுற்றி நிற்பவர்களை விலக்கினால் போதும். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சாதாரண மயக்கம் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். தெளிந்ததும் துள்ளி எழாமல் பத்து நிமிடமாவது படுத்திருக்க வேண்டும். தெளியாவிட்டால் உடனே 108. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கினால், மயக்கத்துக்கு முன் நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருந்தால், அது இதயக் கோளாறாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டாமல் விடவே கூடாது.

நிற்பதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தியாகராய நகரிலும் தாம்பரத்திலும் துணிக் கடைகளில் நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த அக்காமார் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே சேலையை விரித்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நாளெல்லாம் நின்றால் கால் வீங்கும், சிரைகள் புடைத்துச் சுருளும், தலை சுற்றும். கேரளத்தில் 2018இல் கடைப் பணியாளர்க்கு உட்காரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்து, பணியாளர் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று எழுதினார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. திருமணத்துக்கு முன் அவர் நான்கு ஆண்டுகள் ஒரு கடையில் நின்றவர். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது அங்கே முக்காலி இருக்கிறதா என்று நாம் பார்க்கலாம். அக்கா உட்கார்ந்து பேசினால் முகம் சுளிக்காமலும் இருக்கலாம்.

தொட்டியில் தண்ணீர் குறைவதைப் பற்றி இனிச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 6ஆம் நாள் மெரினாக் கடற்கரையில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. எங்கள் பகுதியிலிருந்தும் ஏராளமானோர் ரயிலேறிப் போனார்கள். கடும் வெயில், பல இலட்சம் கூட்டம், குடிநீருக்கும் நிழலுக்கும் தவிப்பு. பலர் மயங்கி விழுந்தனர். ஐந்து பேர் உயிரிழந்தனர். வெயிலில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலிலுள்ள குழாய்களை விரிக்கிறது. வியர்வையாக நீரையும் உப்பையும் இழக்கிறது. குழாயும் அகலம், தண்ணீரும் குறைவு. இந்த நிலையில் கூட்டத்தில் நகர முடியாமல் நின்றால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போவோரும், பெரிய வெள்ளியன்று ஒருசந்தியோடு பரங்கிமலைப் படியேறிச் சிலுவைப் பாதை செய்வோரும், ஜி.எஸ்.டி. சாலையில் செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூருக்கு நடந்து செல்வோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் நம் முன்னோர் கண்ட நல்ல மருந்து. வெயிலில் மயங்கியவருக்கு உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சும் குழறினால் அது வெறும் மயக்கமன்று. நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் நீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழைக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் தண்ணீர் குறைவது இதைவிட வேகமானது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வங்காளத்துக்கு வந்தபோது, பொங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹாலனபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே வந்தது. உப்பு மட்டும் கொடுத்தால் நோயுற்ற குடல் அதை உறிஞ்சாது. சர்க்கரை உடன் போனால் உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகும். தண்ணீர் பின்னாலேயே போகும். இதுதான் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் இரகசியம். அவர் 2022இல் காலமானார்; மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்தபோதே கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது; உப்பு மிகுந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து.

பெரியவர்கள் செய்தி வேறு. என் ஆயாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்றபின் ஒன்றாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளந்து பார்த்தார். நின்றபின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கமாம். ஆயாவுக்கு 26 இறங்கியது. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் அவர் மாற்றிக் கொடுத்தார். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும், லோ பிரஷர் என்று உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதும் கூடவே கூடாது என்றார். இப்போது ஆயா விழித்ததும் படுத்தபடியே காலை ஆட்டி, பிறகு கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுத்தான் எழுகிறார்.

எங்கள் ரயில் பாதையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் அது. காசநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைக் காசநோய் அரித்துவிட்டால், உடலில் உப்பு தங்காது. அழுத்தம் இறங்கும், எடை குறையும், தோல் கருக்கும், உப்பின்மேல் தீராத ஆசை வரும். தாமஸ் அடிசன் என்பவர் 1855இல் இதை விவரித்தார். அபூர்வமான நோய்தான். ஆனாலும் மாதக்கணக்கில் இப்படி இருப்பவருக்குக் காபி போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தால் எப்படி?

கடைசியாக, எங்கள் ஊர்ப் பக்கத்தில் அழுத்தம் இறங்கி உயிர் போகக்கூடிய நோய் ஒன்று ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வருகிறது. டெங்குக் காய்ச்சல். காலி மனைகளிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் பிறந்து பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவே காரணம் என்பதை அறிவோம். எல்லாரும் தட்டணுக்களின் எண்ணிக்கையையே கேட்டுக் கொண்டிருப்பார்கள். உண்மையில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது கசிவு. நுண்குழாய்களின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் கசிந்துவிடுகிறது. குழாய் உடையாமலே தொட்டி வற்றுகிறது. இது நடப்பது காய்ச்சல் கொதிக்கும்போதன்று. மூன்று முதல் ஏழு நாளுக்குள் காய்ச்சல் விடும்போது! "தங்கத்துக்குச் சுரம் விட்டுவிட்டது" என்று அம்மா மகிழ்ந்து பள்ளிக்கு அனுப்பத் துணியும் அந்த ஒன்றிரண்டு நாட்களே ஆபத்தானவை.

இங்கே எண் மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். குழந்தையின் உடல் இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து மேல் எண்ணைக் கடைசிவரை காப்பாற்றும். 100/70 இருந்தது 100/85 ஆகும். மேல் எண் அப்படியே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20க்குக் கீழே சுருங்கிவிட்டது. அது அபாய அறிவிப்பு. அதன்பின் சரிவு திடீரென்று வரும். வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் கை தெரிவிக்கும்: உள்ளங்கையும் பாதமும் சில்லிட்டுப் போகும், நாடி மெலிந்து வேகமாக ஓடும். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காரணமில்லாத சோர்வும் எரிச்சலும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம், இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

மருத்துவமனைக்குப் போனால் அங்கே கேட்பது இவை: காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, எப்போது விட்டது, என்ன குடித்தது, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது. எங்கள் தெருவில் சென்ற மழைக்காலத்தில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு டெங்கு வந்தபோது, நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் இவற்றை அந்தந்த நேரத்தோடு குறித்து வைக்கும்படி சுகாதார நிலையச் செவிலியர் சொல்லிக் கொடுத்தார். பிள்ளை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், இரவு எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைக்கச் சொன்னார்.